இயங்குதளமும் மறைவான ஏபிஐகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயங்குதளம் தயாரிக்கும் நிறுவனமே அதன்மேல் ஓடும் சொற்செயலியையும் உலாவியையும் விற்கும்போது, வெளியாருக்குத் தெரிவிக்காத வசதிகளைத் தன் மென்பொருளுக்கு மட்டும் தந்துகொள்கிறது என்ற புகார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. இதைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் பற்றியே அதிகம் இருக்கும். நீதிமன்ற ஆவணங்கள் வழியாக உள்விவகாரம் முழுதாக வெளியே வந்தது அந்த நிறுவனத்தின் வழக்குகளில்தான்.

ஏபிஐ என்பது எது? ஆவணப்படுத்தப்படாத ஏபிஐ என்பது எது?

ஒரு மென்பொருள் கோப்பைத் திறக்கவோ, திரையில் சாளரம் வரையவோ, இணையத்தோடு தொடர்புகொள்ளவோ வேண்டுமென்றால் இயங்குதளத்திடம்தான் கேட்டாக வேண்டும். கேட்பதற்கான செயற்கூறுகளின் பெயர்கள், அவற்றுக்குத் தர வேண்டிய மதிப்புகள், திரும்ப வரும் விடைகள் ஆகியவை சேர்ந்ததே நிரலாக்க இடைமுகம். நிரலாளர்கள் அதைச் சுருக்கமாக ஏபிஐ என்பார்கள். தயாரிப்பாளர் கையேட்டில் எழுதி வெளியிட்டவை ஆவணப்படுத்தப்பட்டவை. உள்ளே இருந்து வேலை செய்தாலும் கையேட்டில் இடம்பெறாதவை ஆவணப்படுத்தப்படாதவை.

விண்டோஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஷெல்32.டிஎல்எல் என்ற கோப்பை, அதிலுள்ள செயற்கூறுகளைப் பட்டியலிடும் கருவி ஒன்றில் திறந்து பாருங்கள். பலவற்றுக்குப் பெயர் இருக்கும். சிலவற்றுக்கு நெடுங்காலம் வெறும் வரிசை எண் மட்டுமே இருந்தது. 'ரன்' பெட்டியைத் திறப்பது 61ஆம் எண். கோப்புறையில் ஏதாவது மாறினால் தனக்குத் தெரிவிக்கும்படி பதிவுசெய்துகொள்வது 2ஆம் எண். கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் எந்த மென்பொருளுக்கும் இந்த இரண்டாவது வசதி மிகவும் பயன்படும். ஆனால் பெயரே இல்லாத ஒன்றை வெளியிலிருக்கும் நிரலாளர் எந்தச் சொல்லை வைத்துத் தேடுவார்? இயந்திர மொழிக் கட்டளைகளை வரிவரியாகப் பிரித்துப் படித்துத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2ஆம் எண்ணுக்கான முறையான விளக்கம் வழக்கு ஒன்றின் உடன்பாட்டுக்குப் பிறகே வெளியானது. அதைக் கீழே சொல்கிறேன்.

மறைத்து வைப்பதே தவறா?

இல்லை. எல்லா இயங்குதளங்களுக்குள்ளும் வெளியே சொல்லப்படாத செயற்கூறுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கையேட்டில் ஒன்றை எழுதிவிட்டால் அதை நம்பி உலகமெங்கும் மென்பொருள்கள் உருவாகும். அடுத்த பதிப்பில் அதை மாற்ற முடியாமல் போகும். இன்னும் முதிராத ஒன்றை வெளியிடாமல் வைத்திருப்பது பொறுப்பான பொறியாளர் செய்யும் வேலைதான்.

தவறு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. இயங்குதளத்தின் உட்பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு ஏபிஐ இருந்தால் அதில் யாருக்கும் குறையில்லை. அதே நிறுவனம் தனியே விற்கும், சந்தையில் மற்றவர்களோடு போட்டியிடும் ஒரு மென்பொருள் அந்த ஏபிஐயைப் பயன்படுத்தினால் அங்கே குறை இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல் இது ஒன்றே.

இந்தப் புகார் எப்போது தொடங்கியது?

1980களிலேயே முணுமுணுப்பு இருந்தது. டாஸ் இயங்குதளத்தையும் விரிதாள், சொற்செயலி மென்பொருள்களையும் மைக்ரோசாஃப்ட் ஒருங்கே தயாரித்துக்கொண்டிருந்தது. இரு பிரிவுகளுக்கும் நடுவே கடக்க முடியாத பிரிவினை இருப்பதாக அதன் நிர்வாகிகள் அப்போது சொல்லிவந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று நிறுவனத்துக்குள்ளிருந்தே பேச்சு வந்தது.

1992இல் ஆண்ட்ரூ ஷுல்மனும் உடன் எழுதியவர்களும் விண்டோஸின் ஆவணப்படுத்தப்படாத செயற்கூறுகளைத் திரட்டிப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த மென்பொருள்கள் அவற்றில் சிலவற்றை அழைப்பதையும் காட்டினார்கள். அதுவரை வதந்தியாக இருந்த விஷயம், யார் வேண்டுமானாலும் தன் கணினியில் சரிபார்க்கக்கூடிய ஒன்றாக அன்று மாறியது. நேர்மையாகப் பார்த்தால், அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவை எல்லாமே பெரிய ஆதாயம் தந்தவை அல்ல. சிலவற்றை ஆவணப்படுத்தப்பட்ட வேறு வழியிலும் செய்திருக்க முடியும். நம்பிக்கை மட்டும் உடைந்துவிட்டது.

'ஆர்ட்' நிரல் என்று சொல்கிறார்களே, அது என்ன?

இது ஏபிஐயை மறைத்த கதை அல்ல. ஆனாலும் மறைவான உள்ளமைப்புகளைப் போட்டியாளருக்கு எதிராகத் திருப்பியது என்பதால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

அக்கால விண்டோஸ் டாஸின்மேல் ஓடியது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸுக்கு மாற்றாக டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் டிஆர்-டாஸ் இருந்தது. பலர் அதையே மேலானதாகக் கருதினார்கள். 1991 டிசம்பரில் வெளியான விண்டோஸ் 3.1 சோதனைப் பதிப்பில் ஒரு நிரல் துண்டு இருந்தது. டாஸின் உள் தரவுக் கட்டமைப்புகளைத் தொட்டுப் பார்த்து, அடியில் இருப்பது அசல் எம்எஸ்-டாஸ்தானா என்று அது சோதித்தது. இல்லையென்றால், 'நிரலை நிறுத்திவிடாத' வகைப் பிழை ஒன்று கண்டறியப்பட்டது, விண்டோஸ் 3.1 சோதனைப் பதிப்பு உதவிக் குழுவைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற அறிவிப்பைத் திரையில் காட்டியது. உண்மையில் பிழை எதுவும் இல்லை. என்டர் அழுத்தினால் வெளியேறும், சி அழுத்தினால் தொடரும்.

அந்தத் துண்டு எழுதப்பட்டிருந்த விதம் இதைவிடக் கவனிக்க வேண்டியது. அது மறைகுறியாக்கப்பட்டிருந்தது, ஓடும்போது தன்னைத்தானே மாற்றிக்கொண்டது, பிழைதிருத்திக் கருவியால் யாரும் உள்ளே பார்த்துவிடாதபடி தடை போட்டது. சாதாரணப் பொருத்தச் சோதனைக்கு இவ்வளவு ஒளிவுமறைவு எதற்கு? 1992இல் ஜெஃப் சாப்பல் என்ற நிரலாளர் இதைப் பிரித்துப் படித்தார். அடுத்த ஆண்டு ஷுல்மன் பத்திரிகையில் விரிவாக எழுதினார். விற்பனைக்கு வந்த விண்டோஸ் 3.1இலும் அந்தத் துண்டு இருந்தது, செய்தி காட்டும் பகுதி மட்டும் முடக்கப்பட்டிருந்தது. டிஆர்-டாஸின் உரிமையைப் பின்னர் வாங்கிய கால்டெரா 1996இல் வழக்குத் தொடர்ந்தது. 2000 ஜனவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தந்த தொகை 28 கோடி டாலர் என்பது 2009இல்தான் வெளியே தெரிந்தது. அந்த 28 கோடி வந்த நேரத்தில் டிஆர்-டாஸுக்குச் சந்தை என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

நெட்ஸ்கேப்புக்கு என்ன நடந்தது?

விண்டோஸ் 95 வெளிவந்த நாள் 1995 ஆகஸ்ட் 24. அன்று பெரும்பாலோர் தொலைபேசி வழியாகத்தான் இணையத்தில் நுழைந்தார்கள். அந்தத் தொடர்பை ஏற்படுத்தும் வசதி விண்டோஸ் 95க்குள் இருந்தது. உலாவியிலிருந்து அதை இயக்க அதற்குரிய ஏபிஐயின் விவரம் வேண்டும். உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் அதைக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் என்ன நடந்தது என்பது பற்றி நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 1999 நவம்பரில் வெளியிட்ட முடிவுகளின்படி, அந்த விவரம் நெட்ஸ்கேப்பின் கைக்குக் கிடைத்தது அக்டோபர் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் மைக்ரோசாஃப்டின் சொந்த உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வெளியாகியிருந்தது. ஆண்டிறுதி விற்பனைக் காலத்தின் பெரும்பகுதியை நெட்ஸ்கேப் இழந்தது.

யாரும் 'தர மாட்டேன்' என்று சொல்லவில்லை. தாமதப்படுத்தினார்கள், அவ்வளவுதான். மறைவான ஏபிஐ விவகாரங்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. பொருள் கடைசியில் வெளியே வந்துவிடும், சந்தை அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

வேர்ட்பெர்ஃபெக்ட் வழக்கை ஏன் முக்கியமாகச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் முடிவை எடுத்தவரே அதற்கான காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

விண்டோஸ் 95இன் கோப்பு உலாவியில் 'மை கம்ப்யூட்டர்', மறுசுழற்சித் தொட்டி ஆகியவை கோப்புறைகள்போலக் காட்சியளிக்கும். அவை வட்டில் இருக்கும் அசல் கோப்புறைகள் அல்ல. இயங்குதளம் அப்படிக் காட்டுகிறது. வெளி மென்பொருள்களும் தம் பொருள்களை இதே கோப்புறை வரிசையில் சேர்த்துக் காட்ட வழிசெய்தவை பெயர்வெளி நீட்சிகள் என்ற ஏபிஐகள். வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற சொற்செயலியை 1994இல் வாங்கிய நாவெல் நிறுவனம், ஆவணங்களைத் திறக்கும் தன் பெட்டியை இவற்றை நம்பி வடிவமைக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு நடுவில் வந்த சோதனைப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இவற்றைப் பற்றி வெளியாருக்குச் சொல்லவும் செய்திருந்தது.

1994 அக்டோபர் 3 அன்று பில் கேட்ஸ் தன் நிர்வாகிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இந்த நீட்சிகளை வெளியிட வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாகவும், லோட்டஸ் நோட்ஸ், வேர்ட்பெர்ஃபெக்ட் போன்றவை எட்டிப்பிடிக்கக் கடினமான, மைக்ரோசாஃப்டின் அலுவலக மென்பொருள் தொகுப்பான ஆஃபிஸுக்கு உண்மையான முன்னிலை தரும் ஒருங்கிணைப்புக்கு வழி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் அதில் எழுதினார். போட்டியாளர்களின் பெயரையும் நோக்கத்தையும் சுற்றிவளைக்காமல் சொல்லும் கடிதம் அது.

நாவெலின் நிரலாளர்கள் தாங்களே அந்தப் பெட்டியைப் புதிதாகக் கட்ட முனைந்தார்கள். விண்டோஸ் 95 வந்து மாதங்கள் கழிந்த பிறகும் அதற்கேற்ற வேர்ட்பெர்ஃபெக்ட் வரவில்லை. 1996இல் நாவெல் அதை, தான் வாங்கிய விலையின் சிறு பகுதிக்குக் கோரலிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

மைக்ரோசாஃப்ட் தரப்புக்கும் வாதம் இருந்தது. அந்த நீட்சிகள் இயங்குதளத்தின் முகப்பு நிரலுக்குள்ளேயே ஓடுபவை என்பதால், மோசமாக எழுதப்பட்ட ஒன்று எல்லாவற்றையும் செயலிழக்கச் செய்துவிடும். நாவெலின் தாமதத்துக்கு அதன் விரிதாள் மென்பொருளான குவாட்ரோ புரோ பிந்தியதே காரணம் என்றும் சொன்னார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கேட்ஸ் அன்று எழுதிய காரணத்தில் ஆஃபிஸின் முன்னிலை முன்னால் நிற்கிறது. என் கணக்கில் எடை கூடியது அதற்குத்தான்.

அந்த வழக்கில் நாவெல் தோற்றதே! அப்படியானால் தவறு நடக்கவில்லை என்றுதானே பொருள்?

நாவெல் வழக்குத் தொடர்ந்தது 2004இல். 2011 இறுதியில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த விசாரணையில் கேட்ஸே சாட்சி சொன்னார். நடுவர் குழுவால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. பிறகு நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2013இல் 10ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நீல் கோர்சச்.

தீர்ப்பின் சாரம் இது: ஏகபோகத்தில் இருக்கும் நிறுவனத்துக்கும் தன் அறிவுச் சொத்தைப் போட்டியாளரோடு பகிரும் கடமை பொதுவாக இல்லை. இருந்துவந்த ஒத்துழைப்பை முறித்து, போட்டியாளரை ஒழிப்பதற்காகத் தன் குறுகிய கால லாபத்தையும் விட்டுக்கொடுத்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு பொருந்தும். நாவெலால் அதைக் காட்ட முடியவில்லை. விண்டோஸில் சிறிது இழந்தாலும் ஆஃபிஸில் மைக்ரோசாஃப்ட் சம்பாதித்தது, நிறுவனம் முழுமைக்கும் பார்த்தால் லாபத்தியாகம் இல்லை.

சட்டத்தின் கோணத்தில் இது தெளிவான தர்க்கம். ஆனாலும் இந்த அளவுகோலில் பெரிய ஓட்டை இருப்பதாக நினைக்கிறேன். இயங்குதளத்தையும் அதன்மேல் ஓடும் மென்பொருளையும் சேர்த்து விற்கும் நிறுவனத்துக்குப் போட்டியாளரைத் தாமதப்படுத்துவதே உடனடி லாபம். அது எதையும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. ஆகவே கவலைப்பட வேண்டிய நிறுவனங்களே இந்தச் சோதனையில் எளிதாகத் தப்பிவிடுகின்றன.

2002 உடன்பாடு எதைச் சாதித்தது?

அமெரிக்க அரசின் வழக்கில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும்படி 2000 ஜூனில் வந்த உத்தரவு மேல்முறையீட்டில் நிற்கவில்லை. 2001 நவம்பரில் சமரசம் எட்டப்பட்டு, ஓராண்டு கழித்து நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. உலாவி, ஊடக இயக்கி, ஜாவா போன்ற தன் இடைநிலை மென்பொருள்கள் விண்டோஸோடு பேசப் பயன்படுத்தும் ஏபிஐகளை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. 2002 ஆகஸ்டில் 270க்கும் மேற்பட்ட ஏபிஐகளுக்கு விளக்கம் வரப்போவதாக அறிவித்தார்கள். மேலே சொன்ன 2ஆம் எண்ணும் அப்படித்தான் பெயரும் விளக்கமும் பெற்றது.

வேர்ட்பெர்ஃபெக்ட் கதையில் ஆதாயம் பெற்ற ஆஃபிஸ் அந்த இடைநிலை மென்பொருள் பட்டியலில் இல்லை. உடன்பாட்டின் மேற்பார்வை 2011 மே மாதம் முடிந்தது.

ஐரோப்பா வேறு பாதையில் போனதா?

ஆம், கடுமையான பாதையில். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1998இல் கொடுத்த புகாரின்மேல் ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விண்டோஸ் கணினிகளும் சேவையகங்களும் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளை வெளியிடச் சொன்னது. நெறிமுறையும் ஏபிஐயும் ஒன்றல்ல, ஆனாலும் சிக்கல் அதேதான். உத்தரவுக்கு முறையாகக் கீழ்ப்படியவில்லை என்று 2006இலும் 2008இலும் மேலும் அபராதங்கள் விழுந்தன.

இதில் எனக்குப் பிடித்த பகுதி சாம்பா. லினக்ஸ் கணினியை விண்டோஸ் வலையமைப்பில் கோப்பு சேவையகமாக இயங்கவைக்கும் இந்தத் திறமூல மென்பொருளை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்துக் கவனித்தே நெறிமுறையை ஊகித்து எழுதினார்கள். 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. டிசம்பரில் சாம்பா குழு சார்பில் 10,000 யூரோ செலுத்தி அதிகாரப்பூர்வ ஆவணங்கள் பெறப்பட்டன. ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் வலையமைப்பின் பயனர், கணினி விவரங்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் அமைப்பு) சேவையகமாக முழுமையாக இயங்கும் சாம்பா 4.0 வெளியானது 2012 டிசம்பரில். ஆவணம் கையில் இருந்தும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஆப்பிளும் இதையே செய்கிறதா?

ஆப்பிளின் முறை வேறு. ஐபோனில் ஆவணப்படுத்தப்படாத ஏபிஐகளை 'பிரைவேட்', அதாவது தனக்கு மட்டுமான ஏபிஐகள் என்றே அது அழைக்கிறது. அவற்றைத் தொடும் வெளிச் செயலிகளை ஆப் ஸ்டோரில் அனுமதிக்காது. விண்டோஸில் கண்டுபிடித்தவர் பயன்படுத்திக்கொள்ளலாம். இங்கே கண்டுபிடித்தாலும் பயனில்லை.

2008 நவம்பரில் கூகுளின் ஐபோன் செயலியில் கைபேசியைக் காதருகே கொண்டுபோனால் குரல் தேடல் தானாகத் தொடங்கும் வசதி வந்தது. அதற்கு ஆவணப்படுத்தப்படாத வழியைப் பயன்படுத்தியதைக் கூகுள் ஒப்புக்கொண்டது. செயலி நீக்கப்படவில்லை. ஊபர் செயலிக்குத் திரையைப் பதிவுசெய்யக்கூடிய சிறப்பு அனுமதி ஒன்று தரப்பட்டிருந்தது 2017இல் வெளியே தெரிந்தது. விதி எல்லோருக்கும் ஒன்று என்று நம்பி வேலை செய்த சிறு நிரலாளர்களுக்கு இவை எப்படி இருந்திருக்கும்?

போட்டியை நேரடியாகப் பாதித்ததற்கு இரு எடுத்துக்காட்டுகள். 2011 மார்ச்சில் ஐஓஎஸ் 4.3 வந்தபோது சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட் வேகம் நைட்ரோ இயந்திரத்தால் இரண்டு மடங்கு வரை கூடியது. தம் செயலிக்குள் வலைப்பக்கம் காட்டிய மற்றவர்கள், பிற உலாவிகள் உட்பட, பழைய வேகத்திலேயே விடப்பட்டார்கள். 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை மூன்றரை ஆண்டுகள் இப்படியே போயின. இன்னொன்று, கடைகளில் கைபேசியைத் தொட்டுப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சி சில்லு. ஆப்பிள் பே 2014இல் தொடங்கியதிலிருந்து பணம் செலுத்துவதற்கு அதைப் பயன்படுத்தும் வழி ஆப்பிளின் பணப்பைச் செயலிக்கு மட்டுமே இருந்தது. ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழிப்படி போட்டிப் பணப்பைகளுக்கு அங்கே திறக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது 2024 ஜூலையில்.

பாதுகாப்புக்காகத்தான் மூடி வைக்கிறோம் என்கிறார்களே?

பல நேரங்களில் அது உண்மை. ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி, பண அட்டை விவரம் ஆகியவற்றை யாரும் கேள்வியில்லாமல் தொட விடக்கூடாது. ஆனால் பாதுகாப்பு என்ற காரணம் நிறுவனத்தின் சொந்தச் செயலிகளுக்கும் பொருந்த வேண்டும்.

2020 இறுதியில் வெளியான மேக்ஓஎஸ் பிக் சர் பதிப்பில் ஆப்பிளின் 50க்கும் மேற்பட்ட சொந்தச் செயலிகள் விலக்குப் பட்டியல் ஒன்றில் இருந்தன. பயனர் நிறுவிய வெளி ஃபயர்வால்களால் அவற்றின் இணையப் போக்குவரத்தைப் பார்க்கவோ தடுக்கவோ முடியவில்லை. அந்த விலக்கைத் தீய நிரலும் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் பேட்ரிக் வார்டில் செய்து காட்டினார். 2021 தொடக்கத்தில் 11.2 பதிப்பில் ஆப்பிள் பட்டியலை நீக்கியது. தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட சலுகையே பாதுகாப்பு ஓட்டையாகிவிட்டது.

ஆண்ட்ராய்டு திறமூலம்தானே, அங்கே இந்தச் சிக்கல் எப்படி வரும்?

மூலநிரல் திறந்திருப்பதால் இயங்குதளத்தின் அடித்தளத்தில் எதையும் ஒளிக்க முடியாது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், வெளியிடப்படாத இடைமுகங்களைச் செயலிகள் அழைப்பதையும் கூகுள் படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் இருப்பிடம், வரைபடம், அறிவிப்பு போன்ற முக்கிய வசதிகள் பல, திறமூலமல்லாத கூகுள் பிளே சர்வீசஸ் பக்கம் நகர்ந்துவிட்டன. எதை யாருக்குத் தருவது என்பது அங்கே கூகுள் கையில்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, பிளே சர்வீசஸ் ஏபிஐகளைப் போட்டியாளர்களுக்கும் செயலி உருவாக்குநர்களுக்கும் மறுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஏபிஐ பற்றிய அந்த உத்தரவை மட்டும் வேறு சிலவற்றோடு சேர்த்து ரத்துசெய்துவிட்டது. இந்த வழக்கில் நம் நாட்டுச் சிறு நிறுவனங்களுக்கு நேரடியாக உதவியிருக்கக்கூடிய பகுதி அது என்பதால் எனக்கு இது வருத்தமே.

நான் நிரலாளர். ஆவணப்படுத்தப்படாத ஏபிஐயைப் பயன்படுத்தலாமா?

ஐபோனுக்கு எழுதுகிறீர்கள் என்றால் வேண்டாம். செயலி நிராகரிக்கப்படும், வாடிக்கையாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

விண்டோஸில் தடையில்லை, ஆனால் நாளைய புதுப்பிப்பில் அது மாறினால் யாரிடமும் முறையிட முடியாது. வேறு வழியே இல்லையென்றால் அந்த அழைப்பை நிரலில் ஒரே இடத்தில் தனித்து வையுங்கள். அழைப்பதற்கு முன் அது இருக்கிறதா என்று சோதியுங்கள், இல்லாதபோது என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள்.

அதற்கு முன் இன்னொன்றும் செய்யலாம். தயாரிப்பாளரின் பின்னூட்ட வழியில் அந்த வசதியை ஆவணப்படுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்களுடைய எந்தச் செயலி அதைப் பயன்படுத்துகிறது, எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். நெட்ஸ்கேப் எப்போது கேட்டது, எப்போது கிடைத்தது என்று நீதிபதியால் எழுத முடிந்தது, தேதிகள் பதிவில் இருந்ததால்தான்.